உச்சிப்புளிப் பக்கம் பளபளக்கும் நீளக்கொம்பு அந்துப்பூச்சி: எந்தக் குடும்பம்?

#1 ஊருணிக்கரை

இடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு ஊருணிக் கரை. கடல் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். கரையில் நொச்சியும் புங்கையும், பின்னால் பனங்காடு. கார்த்திகை முதல் வாரம், முந்தின ராத்திரி மழை, காலை 8.40.

முன்னிறக்கை 6 மி.மீ., கிராஃப் தாள் மேல் வைத்து அளந்தது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் வரும் மினுக்கம். குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, பட்டையின் இரு ஓரத்திலும் ஊதா ஓடிய கறுப்புக் கோடு. உணர்கொம்பு வெள்ளை நூல் மாதிரி, இறக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நொச்சிப் புதர் உச்சியில் ஏழெட்டு சேர்ந்து மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தன. காற்று எழுந்ததும் எல்லாம் இலைக்கடியில் போய்விட்டன.

படம் 3 இணைத்திருக்கிறேன். மூன்றும் மேலிருந்து எடுத்தவை. என்ன குடும்பம்?

#2 தொண்டிவிளக்கு

இது அந்தே இல்லை என்று தோன்றுகிறது. ஊருணி ஓரம் என்கிறீர்கள். கேடிஸ் பூச்சியிலும் (அந்து மாதிரியே தெரியும், புழு தண்ணீரில் வளரும்) இப்படி நீளக்கொம்பு உண்டு, தண்ணீருக்குப் பக்கத்தில்தான் கூட்டமாக ஆடும்.

#3 செதில்கணக்கு

சந்தேகம் நியாயமானது. ஆனால் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கை ஓரத்தில் செதில் ஓடு அடுக்கினாற்போல வரிசையாக இருக்கிறது. கேடிஸ் இறக்கையில் இருப்பது மயிர். விரலில் தேய்த்தால் அந்து பொடி விடும், கேடிஸ் விடாது. கேடிஸுக்குச் சுருண்டுகொள்ளும் உறிஞ்சுகுழல் கிடையாது. வாயருகே நீளமான பால்ப்பு (வாயோரத்து உணர்நீட்சி) மட்டும் தொங்கும். ஆக, அந்துதான்.

எந்த அந்து என்பதற்கு மேலிருந்து எடுத்த படம் போதாது. இந்தப் பிரிவில் எல்லாரும் இறக்கையைப் படம் எடுக்கிறார்கள். பெயர் எழுதியிருப்பது முகத்தில்.

பளபளப்பை வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது. உலோக மினுக்கம் நுண்ணந்துகளில் பல குடும்பங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது. நம் கரையில் குழப்பக்கூடியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவோம்.

காஸ்மாப்டெரிக்ஸ்: இறக்கை ஊசி போல ஒடுக்கம், ஆரஞ்சுப் பட்டை, வெள்ளிப் புள்ளி, பின்னிறக்கையில் சீப்புப் பல் மாதிரி நீண்ட மயிர்விளிம்பு. உணர்கொம்பு இறக்கையைத் தாண்டாது. கிளிஃபிப்டெரிக்ஸ்: கோரை இருக்கும் இடத்தில் பகலில் திரியும், உட்கார்ந்தபடி இறக்கையைத் தூக்கித் தூக்கிப் போடும், கொம்பு குட்டை. எரெட்மோசெரா: கீரைப்பாத்தியில் பகலில் சுற்றுகிற கறுப்பு அந்து, மஞ்சள் புள்ளியும் சிவந்த வயிறும். அதிலும் கொம்பு இறக்கையைவிடக் குட்டைதான்.

கொம்பு இறக்கையைத் தாண்டி ஓடுவது என்றால் நமக்கு முக்கியமாக இரண்டே குடும்பம்: அடெலிடே, லெசிதோசெரிடே. இரண்டையும் பிரிப்பது உதட்டுப் பால்ப்பு. லெசிதோசெரிடேயில் அது அரிவாள் போல முகத்துக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்து தலை உச்சியைத் தாண்டும். நடுக்கணு தடிப்பு, கடைசிக் கணு கூர். தலை எண்ணெய் தடவிச் சீவினாற்போல வழவழப்பு. அடெலிடேயில் பால்ப்பு குட்டை, மயிர் அடர்ந்தது, தொங்கும் அல்லது முன்னால் நீட்டியிருக்கும். தலை உச்சி சீப்பே படாத பரட்டை.

பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்கள். அதுவரை "நீளக்கொம்பு, குடும்பம் தெரியாது" என்றே இருக்கட்டும்.

#4 வாடைக்காற்று

எதற்கு இவ்வளவு? இணையத்தில் அச்சு அசலாக இதே படம் இருக்கிறது. நெமோஃபோரா டிஜீரெல்லா. பித்தளை நிறம், மஞ்சள் பட்டை, நீளக்கொம்பு எல்லாம் பொருந்துகிறது.

#5 செதில்கணக்கு

தம்பி, அது லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்த ஐரோப்பிய அந்து. அங்கே ஈரமான இலையுதிர் காட்டில் பறப்பது. பித்தளையில் மஞ்சள் பட்டை என்பது நெமோஃபோராவில் (அடெலிடேயில் ஒரு பேரினம்) பாதிப் பேர் உடுத்துகிற சேலை. பட்டையை வைத்துச் சிற்றினம் சொன்னால், கரை ஒன்றாக இருக்கிறது என்று ஊரில் இருக்கிற எல்லா வேட்டிக்கும் ஒரே ஆளைச் சொந்தக்காரன் ஆக்கினாற்போல ஆகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டு நுண்ணந்துகளில் பெரும்பகுதிக்குப் பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக், 1938-இல் இறந்தவர். உலக அளவில் பதினாலாயிரத்துக்கும் மேல் சிற்றினங்களை விவரித்தவர். அவர் விவரிப்பு நிறத்தையும் இறக்கை நரம்பையும் சார்ந்தது. இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருடைய மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிடாமல் அவர் வார்த்தையை மட்டும் படித்து "இதுதான்" என்றால் பாதி நேரம் தவறும்.

#6 தொண்டிவிளக்கு

அப்படியென்றால் இதையும் பாருங்கள். எங்கள் தெரு விளக்கடியில் இரவு 9 மணிக்குச் சுவரில் இருந்தது. கொம்பு இறக்கையைவிடக் கொஞ்சம் நீளம், நிறம் மங்கிய பழுப்பு. ஊருணிக்கரை போட்டதன் பெண்ணாக இருக்குமோ?

(படம் 1, பக்கவாட்டு)

#7 நுண்ணந்து

இல்லை. பால்ப்பைப் பாருங்கள், கொம்பு முளைத்த கிடா மாதிரி மேலே வளைந்து நிற்கிறது. தலை வழவழப்பு. இரண்டு உணர்கொம்பையும் சேர்த்து முன்னால் நீட்டி வைத்திருக்கிறது. லெசிதோசெரிடே. விளக்குக்கு வந்ததும் அதற்கே பொருந்துகிறது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை இரவில் திரிபவை. அடெலிடே வெயில் பிரியர்கள். விளக்கில் அபூர்வமாக ஒன்று வந்தாலும் வரலாம், ஆனால் விளக்கில் கிடைத்த நீளக்கொம்புக்கு முதலில் லெசிதோசெரிடே என்று நினைத்துத் தொடங்குவது நல்லது.

இரண்டையும் ஒரே இழையில் போட்டது நல்லதாகிவிட்டது, வித்தியாசம் கண்ணுக்கு நேரே இருக்கிறது.

#8 ஊருணிக்கரை

பக்கவாட்டுப் படத்துக்கு இன்று போனேன். மூன்று தடவை எடுத்தும் தலை வெள்ளையாகப் பூத்துப் போகிறது. ஃபிளாஷ் போட்டால் பித்தளை நிறம் பச்சையாகத் தெரிகிறது. கிளிப் மாட்டும் மேக்ரோ லென்ஸ்தான் இருக்கிறது, ஃபோனில்.

#9 நுண்ணந்து

ஃபோன் போதும். ஃபிளாஷை அணையுங்கள். அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. செதிலுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் நிறம் மாறும். பித்தளை பச்சையாவதும் ஊதா கறுப்பாவதும் அதனால்தான். குறிப்பு எழுதும்போது "நேர் வெளிச்சத்தில் பித்தளை, சாய்வில் பச்சை" என்று இரண்டையும் எழுதுங்கள்.

செய்முறை: மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரே ஒரு பூச்சியைப் பிடியுங்கள். இரண்டைப் போட்டால் கொம்பு சிக்கி ஒடியும். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், செத்துப்போகும். வெளியே எடுத்துச் சாம்பல் நிற அட்டையில் கவிழ்த்தால் ஒரு நிமிடம் போல அசையாமல் நிற்கும். வெள்ளை அட்டை வைத்தால் ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துத் தலையைக் கறுப்பாக்கும், கறுப்பு அட்டையில் உங்களுக்கு நடந்த மாதிரி பூத்துப்போகும். ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் வரட்டும், நடுவில் டிரேசிங் தாள் ஒன்று தொங்கட்டும். எதிர்ப்பக்கம் தெர்மோகோல் துண்டு.

குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்ததும் நம் கடற்கரை ஈரத்தில் கண்ணாடி வேர்த்துவிடும். உள்சுவரில் நீர் கோத்தால் இறக்கை ஒட்டிக்கொள்ளும், செதில் முழுக்க அங்கேயே தங்கிவிடும். குப்பிக்குள் வடிதாள் துண்டு ஒன்று போடுங்கள்.

வேண்டிய படங்கள்: தலை பக்கவாட்டில், தலை மேலிருந்து (இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரியணும்), கொம்பு நுனி வரை முழுசாக ஒன்று, கண்ணாடி வழியாக அடிப்பக்கம் ஒன்று.

#10 செதில்கணக்கு

கொம்பு நீளத்துக்கு ஒரு குறிப்பு. திரையில் படத்தைப் பெரிதாக்கி, தையல் நூலை வளைவோடு ஓட்டி வைத்து அளந்து பாருங்கள். நேர்கோட்டில் அளந்தால் குறைவாக வரும். நுனியையும் கவனியுங்கள். முழுக்கொம்பு மெலிந்து மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் முடியும். மொட்டையாக நின்றால் ஒடிந்தது. ஒடிந்த ஆண் கொம்பைப் பெண் கொம்பு என்று எழுதிவிடுவது இந்தக் குடும்பத்தில் ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தப்பு.

#11 ஊருணிக்கரை

எடுத்தாச்சு. படம் 4, 5, 6, 7.

பால்ப்பு குட்டை, கீழ்நோக்கி, மயிரோடு. தலை உச்சி மஞ்சள் பரட்டை. கண் பெரிது, உச்சியில் இரண்டும் ஒட்டுகிற அளவுக்கு நெருக்கம். நூல் கணக்கில் கொம்பு 15.5 மி.மீ., அதாவது இறக்கையைப் போல 2.6 மடங்கு. நுனி மெலிந்தே முடிகிறது.

#12 செதில்கணக்கு

இது பேசுகிற படம். அடெலிடே, ஆண். பேரினம் நெமோஃபோரா என்று எழுதி, பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இந்தக் குடும்பத்தில் ஆசியாவில் அதிகம் பரவியது அந்தப் பேரினம்தான். கண் பெருத்து உச்சியில் நெருங்குவது கூட்டமாக ஆடும் ஆண்களிடம் காணும் குணம். மேலே பறக்கும் பெண்ணைப் பார்த்துப் பிடிக்க அது உதவுகிறது. சிற்றினம் இப்போதைக்குக் கிடையாது.

#13 வாடைக்காற்று

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இது ஈரக்காட்டுக் குடும்பம் என்றால் ராமநாதபுரத்தில் என்ன வேலை? இங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் கருவேலமும் புழுதியும்தானே.

#14 கண்டல்காடு

இந்தக் கேள்விக்குப் புழுவின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அடெலிடே பெண்ணுக்கு முட்டையிடும் குழல் ஊசி போலக் கூர்மை. செடியின் திசுவைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும், பல சிற்றினங்களில் பூவின் சூலகத்துக்குள். இளம்புழு அங்கே விதையைத் தின்று, பிறகு தரையில் இறங்கி, சருகுத் துண்டுகளை ஒட்டித் தட்டையான கூடு செய்து, அதைச் சுமந்துகொண்டே சருகைத் தின்னும். ஆக இரண்டு கேள்வி கேட்டால் போதும்: மேலே ஏற்ற பூ இருக்கிறதா? கீழே பல மாதம் கலையாமல் கிடக்கும் சருகு இருக்கிறதா?

இதைக் கையில் வைத்துக்கொண்டு நம் கரையை நடந்து பாருங்கள். தனுஷ்கோடி மணல்மேட்டில் ராவணன் மீசையும் அடும்பும் இருக்கும், சருகு தங்காது. ஆடிமாதக் கச்சான் காற்று மணலையே ஓரிடத்தில் நிற்கவிடாது. காரங்காட்டு அலையாத்திக்கடியில் இலை ஏராளமாக விழும், ஆனால் ஓதம் ஏறி இறங்கி உப்பு நீரில் ஊறவைத்துவிடும். கூடு சுமக்கும் புழுவுக்கு அது இடமில்லை என்பது என் கணிப்பு. சவுக்குத் தோப்பில் ஊசிச் சருகு அடுக்கடுக்காக இருக்கும், கூடு வெட்டத் தட்டையான இலை கிடைக்காது. சீமைக்கருவேலத்துக்கடியில் பொடி இலையும் வெறுந்தரையும். உப்பளம் பக்கம் உமரி மட்டும்.

மிச்சம் என்ன? ஊருணிக் கரை, கோயிலடிக் காடு, கண்மாய்க் கரையின் உள்சரிவு, பழைய பனங்காட்டில் உகாவும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும் புதர்கள். புங்கை, பூவரசு மாதிரி அகன்ற இலை மரம் நிற்கும் இடம், யாரும் கூட்டிப் பெருக்காத இடம். ஊருணிக்கரை சொன்ன இடம் இதில் அப்படியே வருகிறது. தீவு தீவாகத்தான் இவை கிடைக்கும். நூறு நாள் வேலையில் ஊருணியைச் சுத்தம் செய்து சருகை மொத்தமாக வாரிக் கொளுத்தினால் அந்த வருஷப் புழு முழுக்கப் போச்சு. பாதிக் கரையை விட்டு மீதியை வாரினாலே போதும், பஞ்சாயத்தில் சொன்னால் கேட்பார்கள்.

காலம்: நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. அதற்குப் பின் நொச்சி, தும்பை எல்லாம் பூக்கும்போது தேடுங்கள். மழை விட்ட மறுநாள், வெயில் சாய்வாக விழும் காலை, காற்று எழும் முன். வாடை வீசும் நாளில் புதரின் தெற்குப் பக்கம் நில்லுங்கள், மறைவில்தான் ஆடும்.

#15 தொண்டிவிளக்கு

அக்கா, மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஆள் நடமாட்டமே இல்லையே, அங்கே இன்னும் நன்றாக இருக்குமே? மண்டபத்திலிருந்து படகு கிடைக்கும்.

#16 கண்டல்காடு

கிடைத்தாலும் ஏறாதீர்கள். அந்த 21 தீவும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. இறங்கவே வனத்துறை அனுமதி வேண்டும், பூச்சி பிடிப்பது அதற்கும் மேல். 1972 வனவிலங்குச் சட்டம் "சின்னப் பூச்சிதானே" என்று விடாது. கரையிலேயே பார்க்காத இடம் ஆயிரம் இருக்கிறது.

#17 வாடைக்காற்று

சிற்றினம் வேண்டுமென்றால் மாதிரி எடுத்தே ஆகணுமா?

#18 செதில்கணக்கு

ஆமாம். ஆண் இரண்டு, பெண் இரண்டு. கூட்டம் ஏழெட்டுதான் என்றால் ஆண் ஒன்று, பெண் ஒன்றோடு நிறுத்துங்கள்.

ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் வலியில்லாமல் முடியும். காலையில் எடுத்து அரைமணி நேரத்துக்குள் குத்திவிடுங்கள், காய்ந்தால் கொம்பு தொட்டவுடன் ஒடியும். சாராயத்தில் போடாதீர்கள். செதில் உதிரும், மினுக்கமும் நனைந்து மங்கிவிடும். டி.என்.ஏ.வுக்குக் கால் ஒன்றை மட்டும் நுண்சாமணத்தால் எடுத்து 96 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில் போடுங்கள். சிற்றினம் அறிய வழக்கமாகப் படிப்பது சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டு.

குத்த 0.15 மி.மீ. நுண்ணூசி. கடை ஊசி இந்த உடம்பை இரண்டாகப் பிளந்துவிடும். நுண்ணூசியை நெட்டித் துண்டில் ஏற்றி, அந்த நெட்டியைப் பெரிய பூச்சி ஊசியில் மாட்டணும். மாலை கட்டுகிற அதே நெட்டிதான், அருமையாகப் பிடிக்கும். இரண்டு ஊசியும் எவர்சில்வராக இருக்கட்டும். சாதா ஊசி நம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறி, மாதிரியோடு உடைந்து விழும்.

கொம்பைப் பின்னோக்கி இறக்கை மேல் படுக்கவைத்து, டிரேசிங் தாள் பட்டையால் மெல்ல மூடுங்கள். 10 நாள் காயவிடணும். கார்த்திகை ஈரத்தில் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நீல சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா அவசியம். எறும்பு இன்னொரு எமன். டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல் மேல் வையுங்கள்.

வயிற்றைப் பிரித்துப் பார்ப்பது: 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, குப்பியை வெந்நீரில் நிறுத்தி 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கணும். தசை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஓடும் கண்ணாடியாகிவிடும், படம் எடுக்க எதுவும் தெரியாது. கரைசல் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

சீட்டு எழுதாத மாதிரி குப்பை. ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, நேரம், எந்தச் செடியில், எப்படிப் பிடித்தது. பென்சில் அல்லது அழியாத மை. பந்துமுனை மை எத்தனால் பட்டால் ஓடிவிடும்.

#19 நுண்ணந்து

புழுக்கூடு தேடுபவர்களுக்கு: 5 மி.மீ. கண்ணுள்ள சல்லடை, கீழே வெள்ளைத் துணி, அரை மீட்டர் சதுரத்துச் சருகு. சலித்துவிட்டுக் கால்மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நடக்கிற சருகுத்துண்டு தானாகத் தெரியும். கிளையில் குச்சி அடுக்கித் தொங்குவது கூண்டுப்புழு, அது வேறு. வீட்டுச் சுவரில் பூசணி விதை மாதிரி ஒட்டி நகர்வதும் வேறு, துணியந்துக் குடும்பம்.

சருகில் வெறுங்கை வைக்காதீர்கள். நம் பக்கத்தில் சுருட்டை விரியன் சருகு நிறத்திலேயே படுத்திருக்கும். முதலில் கம்பால் புரட்டணும், காலில் பூட்ஸ் இருக்கணும்.

#20 ஊருணிக்கரை

இன்று காலை வேறொன்று. படம் 8. அதே நொச்சி, அதே நிறம், ஆனால் கண் சிறிது. கொம்பு இறக்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம், அடிப்பாதி கறுப்பாகத் தடித்திருக்கிறது, நுனிப்பாதி வெள்ளை. பூங்கொத்தில் 20 நிமிடம் இருந்தது. பெண்ணா?

#21 செதில்கணக்கு

பெண்தான். அடிப்பாதிக் கொம்பில் கறுப்புச் செதில் தடிப்பது நெமோஃபோராப் பெண்களில் அடிக்கடி காணும் அடையாளம். இப்போது உங்கள் கேள்விக்குறியைக் கொஞ்சம் சின்னதாக எழுதலாம்.

20 நிமிடமும் என்ன செய்தது? தேன் குடித்தால் தலை பூவுக்குள் இருக்கும், வயிறு நேராக இருக்கும். முட்டை வைத்தால் வயிறு வில்லாக வளைந்து நுனி புல்லிவட்டத்தில் குத்தி நிற்கும்.

#22 ஊருணிக்கரை

இரண்டும். முதலில் தலை உள்ளே. பிறகு திரும்பி, வயிறு வளைந்து, மொட்டின் அடியில் குத்தியபடி ஒவ்வொன்றிலும் அரை நிமிடம். நான்கு மொட்டு எண்ணினேன்.

#23 கண்டல்காடு

அந்தப் பூங்கொத்தை விடாதீர்கள். இன்றே மல் துணிப் பை போட்டுக் காம்பில் நூலால் கட்டுங்கள். முதலில் கொத்தைத் தட்டி எறும்பையும் சிலந்தியையும் விரட்டணும், கட்டுக்குக் கீழே காம்பில் விரலகலத்துக்கு கிரீஸ். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து பூ அழுகிவிடும். பக்கத்தில் அந்து தொடாத மொட்டுக் கொத்து ஒன்றையும் இதேபோலக் கட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வருகிற புழு யாருடையது என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாளிலிருந்து துணிக்கு வெளியே நின்று லென்ஸில் பாருங்கள், பையைத் திறக்காதீர்கள். காய் பிடித்ததும் பையின் அடியில் அதே மரத்தடிச் சருகு ஒரு கைப்பிடி போடணும், புழு இறங்கினால் கூடு வெட்ட.

#24 ஊருணிக்கரை

கட்டியாச்சு. முட்டை வைத்த கொத்தில் சிவப்பு நூல், தொடாத கொத்தில் பச்சை நூல். கிரீஸ் இல்லை, வேப்பெண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்து தடவியிருக்கிறேன், பரவாயில்லையா?

#25 கண்டல்காடு

வேப்பெண்ணெயைத் துடைத்துவிடுங்கள், வாடையே புழுவைக் கெடுக்கும். வெறும் விளக்கெண்ணெய் போதும், இரண்டு நாளைக்கு ஒருமுறை புதிதாகத் தடவணும்.